கடப்பா வராத ஊர்

கசகசாவும் சோம்பும் பச்சைமிளகாயும் தேங்காயோடு சேர்ந்து அம்மியில் நசுங்கும்போது எழுகிற வாசனை எங்காவது மூக்கில் பட்டால் இன்றைக்கும் எனக்கு நாவில் நீர் ஊறுவதில்லை. அம்மாவின் குனிந்த முதுகுதான் கண்ணில் வருகிறது. ஹைதராபாத்தின் மேற்கு ஓரத்தில், ராமச்சந்திராபுரத்துப் பெரிய தொழிற்சாலையின் டவுன்ஷிப்பில், ஒரே அச்சில் வார்த்த மஞ்சள் குவார்ட்டர்ஸ் ஒன்றில், எழுபதுகளின் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் எங்களுக்கு இந்த வாசனையோடுதான் விடிந்தன. வாரம் முழுவதும் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடிய அப்பா அன்று மட்டும் சாவகாசமாகக் குளித்து, திருநீறு பூசி, தட்டுக்கு முன்னால் வந்து உட்கார்ந்து, ஒரு விள்ளல் இட்லியைக் கடப்பாவில் தோய்த்து வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். அம்மா கரண்டியைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருப்பாள். அப்பா கண்ணைத் திறந்து, வருத்தத்தோடு தலையை ஆட்டி, "எல்லாம் இருக்கு, அது வரல" என்பார்.

கடப்பா என்றதும் ஆந்திராவில் இருக்கும் ஊரை நினைத்துக்கொள்ள வேண்டாம். பக்கத்து வீட்டு இந்திராம்மா அப்படித்தான் நினைத்து, "மீதி கடபா?", உங்களுக்குக் கடப்பா ஊரா என்று அம்மாவிடம் தெலுங்கில் விசாரித்து, இல்லை என்றதும் குழம்பிப்போனார். இது கும்பகோணத்துக் கடப்பா. பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் வேகவைத்து, அரைத்ததைக் கரைத்து விட்டு, கடைசியில் எலுமிச்சம்பழம் பிழிந்து இட்லிக்கு ஊற்றிக்கொள்கிற ஒரு வெளிறிய குழம்பு, அவ்வளவுதான். அதைத் தேவாமிர்தம் என்று சொல்லித் திரிந்த ஒரு கூட்டத்துக்கு நடுவில் நான் வளர்ந்தேன்.

அந்த அமிர்தம் கிடைக்கும் இடத்துக்குப் பெயர் தையல்நாயகி விலாஸ். கும்பகோணத்தில் தொடங்கி, மாயவரம், தஞ்சாவூர், திருச்சி என்று காவிரிக்கரையோடு ஏழெட்டுக் கிளை விட்டு, அதற்கு மேல் வர மாட்டேன் என்று நின்றுவிட்ட டிபன் கடை. உட்கார்ந்ததும் இலை, இலை விழுந்ததும் இட்லி, இட்லி விழுந்ததும் வாளியில் கடப்பா. கை கழுவிக்கொண்டு வெளியே வந்தால் ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காதாம். இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்த நான் வெகுகாலம்வரை 'தையல்' என்ற பெயரை வைத்து அதை ஏதோ சட்டை தைக்கும் கடை என்றே எண்ணியிருந்தேன். அப்பாவிடம் அதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை, அம்மாவைப் பார்த்து முறைத்தார்.

ஹைதராபாத்தில் வேறு சாப்பாடே இல்லாதது போலத்தான் அப்பாவின் கூட்டத்தார் பேசுவார்கள். டவுன்ஷிப் கேட்டுக்கு வெளியே இரானி ஹோட்டலில் அடுக்கடுக்காக உஸ்மானியா பிஸ்கட் இருந்தது. வெங்காய சமோசா எண்ணெய்ச் சட்டியிலிருந்து நேராகத் தட்டுக்கு வந்தது. சாயங்காலம் தள்ளுவண்டியில் மிளகாய் பஜ்ஜி கிடைத்தது. அதையெல்லாம் தாண்டித்தான் நான் தினமும் பள்ளிக்கூடம் போய் வந்தேன். "அதெல்லாம் ஒரு சாப்பாடா?" என்று அப்பா மூக்கைச் சுளிப்பார். சம்பளம் கொடுக்கும் ஊர், வீடு கொடுத்த ஊர், பிள்ளைக்குப் படிப்புக் கொடுத்த ஊர் எல்லாம் அவருக்கு இரண்டாம்பட்சம்; கடப்பா கொடுக்காத ஊர் என்பதுதான் ஹைதராபாத் மேல் அவர் வைத்திருந்த தீராத குறை. கம்பெனியில் வரைபடம் போடும் பிரிவில் ஒரு மில்லிமீட்டர் பிசகாமல் கோடு இழுத்த மனிதர், இந்த விஷயத்தில் மட்டும் இப்படி ஒரு மூடத்தனத்தை எங்கிருந்து பிடித்தார் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அம்மாவுக்குப் பரமக்குடிப் பக்கம். அங்கே கடப்பா என்று ஒரு பதார்த்தம் இருப்பதாக யாரும் கேள்விப்பட்டதில்லை. கல்யாணமான பின்பு அப்பா சொல்லச் சொல்லச் செய்து பழகினாள். "கொஞ்சம் தளர இருக்கணும், ஆனா தண்ணியா இருக்கக் கூடாது", "சோம்பு தெரியணும், ஆனா மூக்குல ஏறக் கூடாது" என்று அவர் சொல்வதற்கெல்லாம் ஈடுகொடுத்து வாரத்துக்கு ஒரு மாற்றம் செய்து பார்ப்பாள். பொட்டுக்கடலையைக் கூட்டுவாள், பூண்டைக் குறைப்பாள், ஒரு வாரம் பட்டையை வறுத்துப் போடுவாள், ஒரு வாரம் வறுக்காமல் போடுவாள். எது செய்தாலும் தீர்ப்பு ஒன்றுதான். விடுமுறைக்கு அப்பாவின் ஊரான கும்பகோணத்துக்குப் போனால் அப்பா விடியற்காலையிலேயே தனியாகக் கிளம்பிக் கடைக்குப் போய் வருவார். பெண்பிள்ளைகள் ஹோட்டலில் உட்கார்ந்து சாப்பிடுவது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை. வீட்டுக்கு வாங்கி வரலாமே என்றால், "பொட்டலம் கட்டினா அது செத்துப்போயிடும்" என்பார். திரும்பி வந்து ஏப்பம் விட்டபடி, அன்றைய கடப்பா எப்படி இருந்தது என்று அம்மாவுக்கு விவரித்துச் சொல்வார். அம்மாவும் பாடம் கேட்பதுபோல் கேட்டுக்கொள்வாள்.

ஒரு தடவை அரைத்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்: "அந்தக் கடை இங்க வந்து தொலைஞ்சா தேவலாம்டி. ஞாயித்துக்கிழம மட்டுமாவது நான் எட்டு மணிவரைக்கும் தூங்குவேன்." அவள் தனக்கென்று ஏதாவது வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டது அதுதான்.

அப்பாவுக்குப் பிடிக்காத இன்னொன்று என் பேச்சு. தெருவிலும் பள்ளியிலும் நான் தெலுங்கும் தக்கனி உருதுவும் பேசி வளர்ந்தவள். ஆமாம் என்பதற்கு 'ஹவ்', வேண்டாம் என்பதற்கு 'நக்கோ', ஏன் என்பதற்கு 'கைக்கு' என்று வீட்டுக்குள்ளும் வாயில் வந்துவிடும். காய்கறி வண்டிக்காரரோடு அம்மாவும் இதே பாஷையில்தான் பேரம் பேசுவாள், ஆனால் அப்பா ஆபீஸ் போன பிறகு. ஒரு நாள் குடிக்கத் தண்ணீர் கொண்டு வா என்று அப்பா கூப்பிட்டபோது விளையாட்டு மும்முரத்தில் நான் "கைக்கு?" என்று கத்திவிட்டேன். "கைக்கா? கைக்கில்ல, வாய்க்கு!" என்று எழுந்து வந்து முதுகில் ஒன்று வைத்தார். அன்றோடு வீட்டில் அந்தச் சொற்களுக்குத் தடை. தடை போட்டாரே தவிர, அந்தச் சொற்களுக்கு என்ன அர்த்தம் என்று அவர் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. பன்னிரண்டு வருஷம் ஒரு ஊரில் இருந்துவிட்டு, அந்த ஊர்க்காரர்கள் 'ஏன்' என்பதற்கு என்ன சொல்கிறார்கள் என்று தெரியாமலிருப்பதை அவர் ஒரு பெருமையாகவே வைத்திருந்தார்.

எனக்குப் பத்து வயதாகும்போது இந்தக் கூட்டத்துக்கு ஒரு வேகம் வந்தது. அப்பாவும், அவரோடு வேலை பார்த்த சபாபதி மாமாவும் சேர்ந்து, தையல்நாயகி முதலாளிக்கு ஒரு மகஜர் எழுதினார்கள். ஹைதராபாத் வாழ் தமிழர்கள் தங்கள் கிளைக்காக ஏங்கித் தவிக்கிறார்கள் என்று அதில் இருந்தது. கையெழுத்து வாங்க அல்வாலுக்கும் திருமுல்கேரிக்கும் ரயில்வே காலனிக்கும் பஸ் மாறி மாறிப் போனார்கள். அங்கேதான் வேடிக்கை. திருமுல்கேரியில் ஒரு கோயம்புத்தூர்க்காரர், "உங்கூர்க் கடைக்கு நான் எதுக்குங்க கையெழுத்துப் போடோணும்? எங்கூர்க் கடைய வரச் சொல்லி எழுதுங்க, போடறேன்" என்றாராம். அல்வாலில் ஒரு மதுரைக்காரர் கடப்பாவா, அது என்ன கண்றாவி என்று கேட்டு, சபாபதி மாமாவோடு கைகலப்புவரை போய்விட்டதாம். ஒரு தட்டு டிபனுக்குக்கூட ஒன்றுசேர முடியாத இந்த ஜனங்கள்தான் தமிழ்ச் சங்க ஆண்டுவிழா மேடையில் தமிழர் ஒற்றுமை பற்றி மணிக்கணக்கில் பேசினார்கள்.

எப்படியோ மகஜர் போயிற்று, பதிலும் வந்தது. முதலாளியின் மாப்பிள்ளை நேரில் வந்து இடம் பார்ப்பார் என்று எழுதியிருந்தார்கள். அப்பா அந்தக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் தரையில் கால் பாவாமல் நடந்தார். அம்மா அந்த வாரம் முழுவதும் வேலை செய்துகொண்டே ஏதோ பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளை வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பட்டுக்கரை வேட்டி, விரலில் மோதிரம், பேச்சில் எல்லாம் 'எங்க மாமா, எங்க மாமா'. எங்கள் வீட்டில்தான் டிபன். அம்மா பயந்துகொண்டே கடப்பாவை ஊற்றினாள். அவர் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார். "என்ன இருந்தாலும் உங்க கடை மாதிரி வராதுங்க" என்று அப்பா குழைந்தார். "வராதுங்க" என்று மாப்பிள்ளை ஒப்புக்கொண்டு, நாலாவது கரண்டிக்குத் தட்டை நீட்டினார். அம்மா ஊற்றினாள். எனக்கு அந்த ஆளைப் பிடிக்காமல் போனது அந்தக் கணத்தில்தான்.

இடம், டவுன்ஷிப் கேட்டுக்கு எதிரே பம்பாய் ரோட்டின் மேலேயே இருந்தது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மல்கிகள். கடைக்கட்டடத்தை அந்த ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். சொந்தக்காரர் கலீம் சாகிப், வெள்ளைத் தாடி வைத்த சாந்தமான மனிதர். பேச்சை மொழிபெயர்க்க என்னை அழைத்துப் போனார்கள். வழியெல்லாம் அப்பா என் காதில், "பள்ளிக்கூடத்து ஹிந்தி பேசு. அந்தத் தெருப் பேச்செல்லாம் வந்துது, தோல உரிச்சிடுவேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். மாப்பிள்ளையிடமோ, "எங்க வீட்டுல சுத்தமான தமிழ்தாங்க" என்று பீற்றிக்கொண்டார்.

கலீம் சாகிப் நாற்காலி போட்டு, இரானி டீ வரவழைத்தார். மாப்பிள்ளை அதைத் தொடவில்லை; அவர் தொடவில்லை என்பதால் அப்பாவும் தொடவில்லை. பேச்சு நன்றாகவே போயிற்று. வாடகை ஒத்துவந்தது, தண்ணீர் வசதி பிடித்துவிட்டது. கடைசியாக மாப்பிள்ளை, இரண்டு மல்கிக்கும் நடுவே உள்ள சுவரை இடித்து ஒரே கூடமாக ஆக்க வேண்டும் என்றார். நான் அதைப் புத்தக ஹிந்தியில் சொன்னேன். சாகிப் ஆச்சரியப்பட்டு, அந்த ஊர் வழக்கப்படி வலக்கையை மல்லாத்தி நீட்டி, "தீவார் தோட்னா? கைக்கு?" என்று கேட்டார்.

சுவரை இடிப்பதா, ஏன் என்றுதான் கேட்டார். ஆனால் மாப்பிள்ளையின் முகம் மாறிவிட்டது. அப்பா பக்கம் சாய்ந்து, "கைக்குங்கறாரு?" என்றார். அப்பா விழித்தார். பதில் வராததைப் பார்த்த சாகிப், தான் சொன்னது காதில் விழவில்லை போலிருக்கிறது என்று எண்ணி, கையை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டி, இன்னும் கொஞ்சம் சத்தமாக, "கைக்கு?" என்றார்.

மாப்பிள்ளை எழுந்துவிட்டார். "இத்தன கிளை தொறந்திருக்கோம், எங்க மாமா இதுவரைக்கும் ஒருத்தன் கைக்கும் எதுவும் வெச்சதில்லீங்க. வாடகைக்கு மேல கைக்குத் தனியா கேக்கற எடத்துல எங்களுக்கு வேல இல்ல" என்று வேட்டியை மடித்துக் கட்டினார். "அப்பா, கைக்குன்னா..." என்று நான் வாயைத் திறந்தேன். "வாய மூடு!" என்றார் அப்பா. அந்தச் சொல் என் வாயிலிருந்து மாப்பிள்ளை முன்னால் வருவதுதான் அவருக்கு அப்போது இருந்த பெரிய பயம். கலீம் சாகிப் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்து, "க்யா ஹுவா, பேட்டி?" என்றார். அதற்குள் அப்பா என் கையைப் பிடித்து இழுத்தார். ஆடை படிந்த இரண்டு கப் டீயை அப்படியே விட்டுவிட்டு வந்தோம்.

மாப்பிள்ளைக்கு ரயில் சாயங்காலம். அவர் முன்னறையில் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணயர்ந்திருந்தார். நான் சமையலறையில் அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். பிறகு அப்பாவைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டாள்.

"என்னங்க, அந்தப் பெரியவரு கைக்குன்னு கேட்டது, ஏன்னுதாங்க. இங்க எல்லாரும் அப்படித்தான் பேசுவாங்க. அவர எழுப்பிச் சொல்லிடுங்க, இன்னும் நேரம் இருக்கு."

அப்பா அவளையே பார்த்தார். "உனக்கு எப்படித் தெரியும்?"

"காய்க்காரன்ட்ட பேசறதுதான்."

கடை கைக்கு எட்டும் தூரத்தில், அடுத்த அறையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. எழுப்பி ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் சொல்ல வேண்டுமென்றால், பன்னிரண்டு வருஷமாக இருக்கும் ஊரில் தனக்கு இது தெரியாது என்றும், தெரிந்தது தன் பெண்டாட்டிக்கும் பிள்ளைக்கும்தான் என்றும் அந்த மோதிரக்காரனிடம் சொல்லியாக வேண்டும். அப்பா அம்மாவைப் பார்த்து, "காய்க்காரன்ட்ட என்ன பேச்சு உனக்கு?" என்று சீறினார். அதற்குப் பிறகு அன்றைக்கு அவர் பேசியதெல்லாம் அதைப் பற்றித்தான். சாயங்காலம் மாப்பிள்ளையை ரயிலேற்றிவிட்டு வந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மி மறுபடியும் கடகடத்தது. "எல்லாம் இருக்கு, அது வரல" என்றார் அப்பா. அம்மாவின் முணுமுணுப்புப் பாட்டு மட்டும் திரும்பி வரவில்லை.

இதில் எனக்கு இன்றுவரை ஆறாத கோபம், அப்பா அந்தப் பொய்யை வளர்த்த விதத்தில். சபாபதி மாமாவிடமும் மற்றவர்களிடமும், "எல்லாம் முடிஞ்சுதுய்யா, கடைசியில சாயபு கைய நீட்டிட்டான்" என்றார். வருஷத்துக்கு வருஷம் அந்தக் கை நீண்டது. இந்த ஊரில் கை நீட்டாமல் ஒன்றும் நடக்காது என்று, உண்மை தெரிந்த மனிதர், உண்மை தெரிந்த மனைவிக்கு முன்னாலேயே உட்கார்ந்து சொன்னார். அவளும் காபி கொடுத்தாள். நானும் காபி டம்ளரை எடுத்துப் போய் வைத்தேன். அந்த வெட்கக்கேட்டில் எங்கள் இரண்டு பேருக்கும் பங்கு உண்டு.

பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கலீம் சாகிப் என்னைப் பார்த்தால் நிறுத்துவார். "தும்ஹாரா ஹோட்டல் கைக்கு நை ஆயா, பேட்டி?" என்று கேட்பார். உங்கள் ஹோட்டல் ஏன் வரவில்லை என்று. அவர் மனத்தில் களங்கமே இல்லை. டீயைக் குடிக்காமல் எழுந்து போனார்களே, தன் மேல் ஏதாவது தப்போ என்ற கவலைதான் இருந்தது. நான் செருப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். சில மாதங்களில் அந்த மல்கிகளில் ஒன்று சைக்கிள் கடையும் இன்னொன்று மிளகாய் பஜ்ஜிக் கடையும் ஆயின. சுவர் இடிபடவில்லை.

இப்போது அந்த மல்கிகளும் இல்லை, சாலையை அகலமாக்கும்போது போய்விட்டன. சாகிப் போய் எத்தனையோ காலமாயிற்று. கம்பெனி பஸ்கள் வரிசையாக நின்ற இடத்தில் கார்கள் நிற்கின்றன. சபாபதி மாமாவும் இல்லை, அப்பாவும் இல்லை. ஆனால் ஏக்கம் மட்டும் குறையவில்லை. என் மகள் கைப்பேசியைத் தேய்த்துக்கொண்டே, எந்த ஊரிலோ இருக்கும் எந்தக் கடையோ நம் ஊருக்கு வரவில்லையே என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்கிறாள். அதைப் பார்த்தால் எனக்கு அவள் தாத்தாவின் மூடிய கண்கள்தான் தெரிகின்றன.

போன மாதம், வரவே வராது என்றிருந்த தையல்நாயகி ஹைதராபாத்துக்கு வந்துவிட்டது. பழைய ராமச்சந்திராபுரம் போகும் வழியில், கண்ணாடி மாளிகை ஒன்றின் மூன்றாவது மாடியில். சுவரில் பழைய அம்மியைச் சாய்த்துவைத்து விளக்குப் போட்டிருக்கிறார்கள். அதில் அரைத்தவர்கள் முதுகு ஒடிந்தது எதிலும் எழுதியிருக்கவில்லை. அம்மாவை அழைத்துப் போனேன். எழுபத்தெட்டு வயது, நகரும் படியில் கால் வைக்கப் பயந்தாள். கடப்பா, பீங்கான் கிண்ணத்தில், மேலே ஒரு கொத்துமல்லி இலையோடு வந்தது. அம்மா ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் வைத்தாள்.

"கும்பகோணத்துல சாப்பிட்ட மாதிரி இருக்காம்மா? அது வந்திருக்கா?" என்று கேட்டேன்.

"யாரு சாப்பிட்டா?" என்றாள்.

"நீதான். அந்தக் காலத்துல."

"நான் எப்படிச் சாப்பிட்டேன்? பொம்பளைங்கள எங்க உள்ள கூட்டிட்டுப் போனாரு உங்கப்பா? பொட்டலமும்தான் கட்டக் கூடாதே. இன்னிக்குத்தான் மொதல்ல வாயில வெக்கறேன்."

நான் ஸ்பூனைக் கீழே வைத்தேன். முப்பது வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள், தன் நாக்கில் ஒருமுறைகூடப் பட்டிராத ஒரு ருசியைத் தேடி அவள் அரைத்திருக்கிறாள். அப்பாவுக்கு அது தோன்றவில்லை என்பது இருக்கட்டும். அம்மி பக்கத்திலேயே உட்கார்ந்து வளர்ந்த எனக்கு, நீ அதைச் சாப்பிட்டிருக்கிறாயா என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையே.

அம்மா இன்னொரு ஸ்பூன் எடுத்தாள். மெதுவாக, நாக்கில் உருட்டி, கண்ணை மூடாமல் சாப்பிட்டாள். பிறகு கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள்.

"இதைவிட நான் நல்லாப் பண்ணினேன்டி" என்றாள்.

பரிமாறிய உள்ளூர்ப் பெண் வந்து குனிந்து, "அவுர் தோடா லாவூ, அம்மா?" என்று கேட்டாள். இன்னும் கொஞ்சம் கொண்டுவரட்டுமா என்று.

அம்மா வலக்கையை மல்லாத்தி நீட்டி, அந்தக் கூடம் முழுக்கக் கேட்கும்படி, "கைக்கு?" என்றாள்.